ராபர்ட் முதலிய பெயர்களுக்கு 'ஈருறுப்புப் பெயர்' என்னும் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ராபர்ட் போல இரண்டு பாதிகளைக் கோத்து அமைத்த பெயரை ஆங்கிலத்தில் 'டைதமேட்டிக் நேம்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் தொகைப்பெயர், இருசொற்பெயர் என்ற இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே சரிப்படாது என்று நினைக்கிறேன். ராபர்ட் என்ற பெயரை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். கால்டுவெல், தெ நொபிலி, 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த புரூஸ் ஃபுட் என்று நம் வரலாற்றிலேயே மூன்று ராபர்ட்டுகள் இருப்பதால் எல்லோருக்கும் பழக்கமான பெயர் அது.

இதன் பழைய ஜெர்மானிய வடிவம் ஹ்ரோட்பெர்ஹ்ட். ஹ்ரோட் என்றால் புகழ், பெர்ஹ்ட் என்றால் ஒளிமிக்க. 'புகழால் ஒளிர்பவன்' என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமைத்தொகை அழகாகப் பொருந்துகிறது. தொகைப்பெயர் என்ற எண்ணம் இதனால்தான் எழுந்திருக்கும். சரி, பர்கண்டிய அரசன் குண்டோபாதின் பெயரை எப்படி விரிப்பது? அதில் முதல் பாதியும் போர், இரண்டாம் பாதியும் போர். ஃபிராங்கிய அரசி ஃப்ரெடகுண்டின் பெயரிலோ முதலில் அமைதி, அடுத்துப் போர். வோல்ஃப்ராம் என்பது ஓநாயும் காக்கை இனத்து அண்டங்காக்கையும் சேர்ந்தது. இவற்றை உருபு போட்டு விரிக்கப் புகுந்தால், பெயர் வைத்தவர்கள் நினைக்காத பொருளை நாம்தான் உண்டாக்குவோம்.

பழைய ஜெர்மானியர்கள் பெயர் வைத்த முறையே வேறு. குடும்பத்தில் வழங்கும் பெயர்களிலிருந்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக் கோத்தார்கள். 1095-இல் இறந்த, இங்கிலாந்தின் வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டனின் தந்தை பெயர் எதெல்ஸ்டன், தாய் பெயர் வுல்ஃப்கிஃபு. தாயின் முன்பாதியும் தந்தையின் பின்பாதியும் சேர்ந்து மகன் பெயராயின. வுல்ஃப் ஓநாய், ஸ்டன் கல். 'கல்லைப் போன்ற ஓநாய்' என்று அந்தப் பெற்றோர் கருதியிருக்க வேண்டியதே இல்லை. இரண்டு வழியின் உறவும் பிள்ளை பெயரில் நின்றது, அவ்வளவுதான். பழைய ஜெர்மன் வீரப்பாடலில் வரும் ஹெரிபிராண்ட், ஹில்டெபிராண்ட், ஹடுபிராண்ட் பாட்டன், மகன், பேரன் என்ற மூன்று தலைமுறை. பின்பாதி மாறவே இல்லை, முன்பாதியும் மோனை தப்பாமல் வருகிறது. இந்தப் பரம்பரைக் கோவையைத் தொகை என்ற சொல் மறைத்துவிடும்.

இருசொற்பெயருக்கு வேறு சிக்கல். உயிரியல் பாடத்தில் பேரினம், சிற்றினம் சேர்த்து எழுதுவதற்கு 'இருசொற் பெயரீடு' ஏற்கனவே புழங்குகிறது. அதோடு, இந்தப் பாதிகள் எப்போதும் தனிச்சொற்களாக வாழவும் இல்லை. ராபர்ட்டை இங்கிலாந்தில் பரப்பியவர்கள், 1066-இல் அந்நாட்டை வென்ற, பிரெஞ்சு பேசிய நார்மன்கள். வெற்றிவீரன் வில்லியமின் தந்தை ராபர்ட், மூத்த மகனும் ராபர்ட். அவர்கள் காலத்தில் அது பிரிக்காமல் வழங்கிய முழுப்பெயர்.

ஆகவே என் பரிந்துரை 'ஈருறுப்புப் பெயர்'. கணக்கில் ஈருறுப்புத் தேற்றம் படித்த எல்லோருக்கும் உடனே புரியும். ஒவ்வொரு பாதியையும் 'பெயருறுப்பு' எனலாம். ராபர்ட்டின் முன்னுறுப்பே ரோஜர், ருடால்ஃப், ரோலண்டு ஆகியவற்றிலும் இருக்கிறது. பின்னுறுப்பு ஆல்பர்ட், ஹெர்பர்ட், ஹியூபர்ட்டில் வருகிறது. இதைச் சொல்ல முன்னுறுப்பு, பின்னுறுப்பு என்ற சொற்கள் எவ்வளவு எளிதாகக் கைகொடுக்கின்றன, பாருங்கள். கார்ல் போன்றவை ஓருறுப்புப் பெயர்கள்.

அப்புறம், குறுகிய வடிவங்கள். ஹ்ரோட்பெர்ஹ்ட் தேய்ந்து ராபர்ட் ஆனதும், ஜெர்மன் வழியில் ரூப்ரெஹ்ட் ஆனதும் மரூஉ என்பதில் எனக்கு ஐயமில்லை; தஞ்சாவூர் தஞ்சை ஆனதைப் போல வழக்கில் மருவியவை. ஆனால் ராப், பாப், ராபின் எல்லாம் வீட்டில் செல்லமாகக் கூப்பிடப் போய் வந்தவை. அதிலும் 'பாப்' முதலெழுத்தையே மாற்றிக்கொண்டது. இவற்றையும் மரூஉ என்று சேர்த்துவிட வேண்டாம், 'செல்லக்குறுக்கம்' என்று தனியே வைப்போம். ராபின்சன், ராப்சன், டாப்சன் முதலிய குடும்பப் பெயர்கள் இத்தகைய குறுக்கங்களிலிருந்து கிளைத்தவை என்பதால், அகராதியில் இதற்குத் தனிப்பதிவு கட்டாயம் வேண்டும். மறுப்பு இருப்பவர்கள், விரிக்க முடியாத பெயர் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு உங்கள் சொல்லைப் பொருத்திக் காட்டுங்கள்.