அடவு வகுப்பு: எப்போதும் ஆடிக்காட்டித்தான் சொல்லிக்கொடுக்கணுமா?

சலங்கை:
பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. 12 பிள்ளைகள், 7 முதல் 13 வயது. நான் முன்னால் நின்று ஆடினால் நாட்டடவு ஒழுங்காக வருகிறது. தாளம் தட்டும் தட்டுக்கழியோடு உட்கார்ந்துவிட்டால் பாதிப் பேருக்கு எந்தக் கால் என்பதே மறந்துவிடுகிறது. வேறு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

தட்டுக்கழி:
உங்களைப் பார்த்தே ஆடிப் பழகியதால் அடவு அவங்க உடம்பில் இன்னும் ஏறலை. ஆடிக்காட்டுவதைப் படிப்படியா விலக்குங்க. முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) ஒரு தடவை முழுசா ஆடிக்காட்டுங்க. அடுத்து சொற்கட்டு (அடவுக்கான தாளச் சொற்கள்) மட்டும் சொல்லுங்க. பிறகு அவங்க உட்கார்ந்து கையில் தாளம் போட்டு 'தையும் தத்த தையும் தா' சொல்லட்டும். கடைசியா, வாயால் சொல்லிக்கிட்டே ஆடணும். எங்கே சொல் தடுமாறுதோ பெரும்பாலும் அங்கேதான் காலும் தடுமாறும். அந்த இடத்தை மட்டும் திருத்தினா போதும்.

எதிரே நின்று காட்டும்போது அவங்க வலதுக்கு நீங்க இடது எடுங்க. சின்னப் பிள்ளைகள் கண்ணாடி மாதிரிதான் பின்பற்றும்.

ஜதி:
ஜோடிப் பயிற்சியும் வையுங்க. ஒருத்தர் 4 ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஆட, மற்றவர் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும்: அரைமண்டியில் (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில்) முட்டி கால்விரல் போகும் திசையிலேயே இருக்கா? முட்டி உள்ளே விழுந்தா, இடுப்பிலிருந்து திறக்காம பாதத்தை மட்டும் திருப்பியிருக்காங்கன்னு அர்த்தம். பாதம் திரும்பும் அளவைக் குறைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா முட்டிதான் கெடும். ஒரேயடியா நாலு குறை பார்க்கச் சொன்னா ஒண்ணும் உருப்படியா வராது.

தட்டுக்கழி:
இரண்டாம் காலம் (இரட்டிப்பு வேகம்) நிலைக்கும் முன்னாடி ஜோடி வேண்டாம்னு நினைக்கிறேன். பார்க்கிறவருக்கே அடவு தெரியலைன்னா தப்புதான் கைமாறும்.

சலங்கை:
சரி, அதுவரை ஜோடியைத் தள்ளிவைக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்குச் சுவர்க்கண்ணாடி உதவுமா?

ஜதி:
அரைமண்டிக்கு உதவும். ஆனா சில அடவுகளில் கை போகும் பக்கம் கண்ணும் போகணும். கண்ணாடி பார்வையை நேராகவே பிடிச்சு வச்சுக்கும். அந்த அடவுகளுக்கு வீடியோ எடுத்துக் காட்டுங்க.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று: 16 மாத்திரையை (தாள எண்ணிக்கையை) 5+5+6 இல்லைன்னா 7+9 என்று பிரிச்சுக் கொடுத்து, தெரிஞ்ச அடவுகளால் அவங்களே கோர்க்கட்டும். முதலில் கைதட்டிச் சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் இடத்தில்) வந்து முடியணும், அப்புறம்தான் கால். நேரே காலில் தொடங்கினா பிடிச்ச அடவை முழுசா ஆடப் பார்ப்பாங்க, ஒரு மாத்திரை மிஞ்சிடும்.