மறு: இயக்கி நிரலில் எழுதும் கமெண்டுக்கு என்ன சொல்? கருத்தா, குறிப்புரையா, காண்டிகையா?

அன்புள்ள எல்லோருக்கும்,

கணினியோடு கருவிகளைப் பேசவைக்கும் நிரலான இயக்கியை (டிரைவர்) எழுதப் பழகும் மாணவர்களுக்கான நம் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த நிரலின் நடுவே, படிப்பவருக்காக மட்டும் எழுதும், கணினி இயக்காத வரிகளைத்தான் கமெண்ட் என்கிறோம். அதற்குள் ஒரு சொல்லில் நிற்க வேண்டும் என்பதால், இதுவரை வந்த மடல்களை வைத்து என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் வரைவில் 'கருத்து' என்றுதான் போட்டிருந்தோம். பயிற்சியில் "தேவையற்ற கருத்துகளை நீக்கி இயக்கியைச் சீர்செய்க" என்று இருந்தது. ஒரு மாணவி வந்து, "இதில் யாரும் எந்தக் கருத்தும் சொல்லவில்லையே, எதை நீக்குவது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

அதே இயக்கியிலிருந்து ஓர் இடம். குறுக்கீட்டை (கருவி செயலியைக் கூப்பிடும் சமிக்ஞை, இன்டரப்ட்) கையாளும் செயற்கூறு (ஃபங்ஷன்), கருவியின் நிலைப் பதிவகத்தில் (கருவியின் நிலையைக் காட்டும் சிறு சேமிப்பிடம், ரெஜிஸ்டர்) 1 எழுதிக் குறுக்கீட்டை அழிக்கிறது. மேலே 'குறுக்கீட்டை அழி' என்று ஒரு வரி. நிரல் சொல்வதையே அதுவும் சொல்கிறது, அது போகலாம். அடுத்து அதே பதிவகத்தை வாசித்து, வந்த மதிப்பை எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றுமே எழுதவில்லை. வீண் வேலை என்று நினைத்து ஒரு மாணவர் அந்த வாசிப்பை நீக்கினார், அப்புறம் முடிந்துபோன குறுக்கீடே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ தடத்தில் நாம் எழுதுவது உடனே கருவிக்குப் போய்ச் சேர்ந்துவிடாது, வழியில் தேங்கி நிற்கலாம். அதே கருவியிலிருந்து எதையாவது வாசித்தால் தேங்கியது முதலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாசிப்பு முடியும். நிரலை எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது. அங்கே இருந்திருக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று வரிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> உரையாசிரியர்கள் 'என்பது கருத்து' என்றுதான் முடிப்பார்கள். கருத்து என்றால் உட்பொருள். அபிப்பிராயம் என்ற பொருள் பின்னால் ஏறியது. கருத்தே சரி.

பழைய பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வினையாக்கிப் பாருங்கள். ஒரு வரியை ஓடாமல் நிறுத்திவைக்க 'கருத்தாக்கு' என்று எழுத வேண்டி வரும். 'கருத்தாக்கம்' என்ற சொல் வேறு வேலையில் ஏற்கனவே நிலைத்துவிட்டது. 'குறிப்புரையாக்கு' என்றால் மயக்கமே இல்லை.

> காண்டிகை என்றே வைக்கலாம். நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி என்று இரண்டாகப் பிரிக்கிறது. வரிமேல் எழுதும் சிறியது காண்டிகை, செயற்கூறின் தலையில் எழுதும் பெரியது விருத்தி.

அழகான பொருத்தம். படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. காண்டிகைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று நன்னூல் சொல்லும் ஐந்தில் வினாவும் விடையும் நமக்கு ரொம்பவே வேண்டும்: 'இங்கே ஏன் வாசிக்கிறாய்?' என்ற கேள்விக்கு விடைதானே மேலே விட்டுப்போனது. ஆனால் வேர் 'காண்' என்று ஒருவர், வடமொழிக் 'கண்டிகா' என்று இன்னொருவர் எழுதிய மடல்களையெல்லாம் படித்த பிறகும், முதலாண்டு மாணவருக்கு அந்தச் சொல்லை விளக்கவே ஒரு பத்தி வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

> கமெண்ட் என்றே எழுதுங்கள். எல்லோருக்கும் புரியும்.

பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். கையேட்டில் முதல் இடத்தில் அடைப்புக்குறிக்குள் அதுவும் இருக்கும். ஆனால் படிப்பவருக்குப் பின்னூட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, நாம் விலக நினைப்பதும் அதிலிருந்துதான்.

இடையில் 'சுட்டி இயக்கி' பற்றி வந்த ஏழு மடல்களுக்கும் சேர்த்து ஒரு வரி: மவுஸும் சுட்டி, நிரலில் நினைவக முகவரியைக் காட்டும் பாயிண்டரும் சுட்டி என்பது உண்மையான சிக்கல், தனி இழையில் பேசுவோம்.

எண்ணிப் பார்த்தால் குறிப்புரைக்கு ஒன்பது பேர், காண்டிகைக்கு நான்கு, கருத்துக்கு இரண்டு. குறிப்புரை என்றே அனுப்புகிறேன்.

* * *

ஐயா,

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'குறிப்பு' என்றாலே சுருக்கம், மறதிக்காக ஓரத்தில் கிறுக்கிவைப்பது. நினைவகத்தில் எழுதும், வாசிக்கும் வரிசை மாறாமல் காக்கும் நினைவகத் தடுப்பு (மெமரி பேரியர்) ஒன்றைப் போட்டுவிட்டு விளக்கம் எழுதாமல் விட்டால், லினக்ஸ் கருனிக்கு (கெர்னல்) அனுப்பும் நிரலைச் சோதிக்கும் செக்பேட்ச் எச்சரிக்கிறது. அங்கே அது கேட்பது குறிப்பை அல்ல, காரணத்தை. பதிவகம், குறுக்கீடு எல்லாமே மாணவருக்குப் புதிய சொற்கள்தாமே, அவற்றோடு காண்டிகையையும் கற்றுக்கொள்ள மாட்டார்களா? அருஞ்சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகவாவது சேருங்கள்.

* * *

சேர்த்துவிட்டேன் ஐயா. காரணம் பற்றிச் சொன்னதை அப்படியே பயிற்சியின் முன்னுரையிலும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நிரலில் 50 மைக்ரோநொடி காத்திருக்கிறது, மேலே '20 மைக்ரோநொடி காத்திரு' என்று இருக்கிறது. யாரோ எண்ணை மாற்றியவர் உரையை மாற்றவில்லை. இப்படிப் பின்தங்கிப்போன குறிப்புரைக்கு வரைவில் 'காலாவதிக் குறிப்புரை' என்று இருக்கிறது. மருந்துப் பெட்டி நினைவு வருகிறது. 'ஊசிய குறிப்புரை' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். வியாழன் மாலைக்குள் வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.