சாயம் உரியும் கதவு, பொறுப்பேற்க மறுக்கும் பட்டறை: அடுத்து என்ன செய்வது?

பட்டர்வொர்த் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நிறுத்தி வைத்திருந்த என் பெரோடுவா மைவி காரின் இடப்பக்கத்தை யாரோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். இரண்டு கதவுகளும் பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடும் நசுங்கின. என் காப்புறுதியில் கோரினால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து 55 விழுக்காட்டை எட்டியிருக்கும் என்சிடி கழிவு (கோரிக்கை செய்யாமல் இருந்ததற்காகச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி) பறிபோகும் என்பதால், பிறையிலுள்ள ஒரு பட்டறைக்கு என் கைப்பணத்தில் 3,800 ரிங்கிட் கொடுத்துப் பழுது பார்த்தேன்.

சில மாதங்களிலேயே முன்கதவின் கைப்பிடியைச் சுற்றி மேற்பூச்சு உரியத் தொடங்கியது. கதவின் அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் எழும்பியுள்ளன. வெயிலில் நிறுத்தினால் இடப்பக்கச் சாயம் மற்ற பக்கங்களைவிடக் கறுத்துத் தெரிகிறது. அடைமழையில் பின்கதவின் ரப்பர் ஓரமாகத் தண்ணீரும் உள்ளே கசிகிறது. பட்டறைக்காரர் முதலில் மெழுகு போட்டால் சரியாகும் என்றார். பிறகு புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய படங்களுக்குப் பதிலே இல்லை. இப்போது, மறுபடி அடித்துத் தருகிறேன், ஆனால் பாதிக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்கிறார். ரசீதில் "கெத்தோக் டான் சாட்" (தட்டிச் சாயம் அடித்தல்) என்று மலாயில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதன் அடியில், வாகனத்தை எடுத்துச் சென்ற பின் பட்டறை பொறுப்பேற்காது என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

காரை மீண்டும் அவரிடமே விடுவதா, வேறு இடத்தில் சரிசெய்துவிட்டு அந்தச் செலவை இவரிடம் கேட்பதா? அந்த அச்சிட்ட வரி என் உரிமையைப் பறித்துவிடுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூல் சாயக்காரர்:

வணக்கம் அம்மா. கோலாலம்பூரில் நெடுங்காலமாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில், சட்டத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன குறைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதினால்தான் உங்கள் வாதம் வலுப்பெறும்.

மேற்பூச்சு கைப்பிடியைச் சுற்றி உரிகிறது என்றால், கைப்பிடியைக் கழற்றாமல் சுற்றிலும் டேப் ஒட்டி அடித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த ஓரங்களில் மணல்தாள் சரியாகப் படாது, பழைய மெழுகும் எண்ணெயும் தங்கிவிடும், புதிய பூச்சு பிடிக்காது. கதவின் அடியில் எழும்பும் கொப்புளம் இன்னும் கவலைக்குரியது. தகட்டை உள்ளிருந்து தட்டியும் இழுத்தும் நேராக்காமல், பள்ளத்தைப் புட்டியாலேயே நிரப்பி, தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, காய விடாமல் மேலே அடித்திருந்தால் இப்படித்தான் ஆகும். புட்டி ஈரத்தை உறிஞ்சக் கூடியது. நம் ஊர் வெயிலில் கார் சூடாகும்போது அந்த ஈரம் வெளியேற வழி தேடிப் பூச்சைத் தூக்கும். உள்ளே துரு தொடங்கியிருக்கவும் கூடும். இதை மெழுகால் சரிசெய்ய முடியாது.

சாயக் கனம் அளக்கும் கருவி உள்ள ஒரு பட்டறையில் இரண்டு பக்கங்களையும் அளக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைச் சாயம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். நன்றாகச் செய்த மறுபூச்சு அதைப்போல் இரு மடங்கு காட்டினாலும் குற்றமில்லை. ஆயிரத்தைத் தாண்டினால், அங்கே கனமாகப் புட்டி இருக்கிறது என்று பொருள்.

நிற வேறுபாட்டில் மட்டும் அவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். உங்கள் கார் வெள்ளிச்சாம்பல் மெட்டாலிக் என்றால், அதை அப்படியே பொருத்துவது எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஒரே குறியீட்டுச் சாயமாக இருந்தாலும், சாயம் தெளிக்கும் துப்பாக்கியின் அழுத்தமும் பூச்சின் ஈரப்பதமும் மாறினால் அதிலுள்ள உலோகத் துகள்கள் வேறு விதமாகப் படிந்து நிறம் மாறித் தெரியும். அதனால்தான் பக்கத்துத் தகட்டுக்கும் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கிக் கொண்டு போவோம். அதைச் செய்யாமல் கதவு விளிம்போடு நிறுத்தியிருந்தால் கவனக்குறைவுதான். செய்தும் நூலளவு வேறுபாடு இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

ஜார்ஜ்டவுன் நண்பர்:

மேலே அந்த அண்ணன் எழுதியதை அப்படியே அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். நான் என் அக்காவின் வழக்குக்காகவும் பின்னர் அண்டை வீட்டாருக்காகவும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு மனு தயாரித்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த அச்சிட்ட வரியைப் பற்றி. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்வார் என்ற உத்தரவாதம், ரசீதில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. அந்த உரிமையை ரசீதின் அடியில் ஒரு வரி அச்சிட்டுத் தள்ளுபடி செய்துவிட முடியாது. எனவே அந்த வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஆனால் வரிசை முக்கியம். குறை சரிசெய்யக் கூடியதாக இருந்தால், அதை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி அதே பட்டறையை முதலில் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, கவனிக்காமல் விட்டாலோ, செய்ததும் உருப்படாமல் போனாலோதான், வேறு இடத்தில் சரிசெய்து அதற்கான நியாயமான செலவை அவரிடம் கோரவோ ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ உங்களுக்கு வழி திறக்கிறது. பாதிக் கட்டணம் கேட்பதை மறுப்பாகவே கருதலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை நடுவர் முன் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன வேலை, எப்போது, எவ்வளவு பணம், இப்போது என்ன குறை, எந்தத் தேதிக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். சட்டம் நியாயமான காலம் என்றுதான் சொல்கிறது. இரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். பதிவஞ்சலில் அனுப்பி, அதே கடிதத்தைப் புலனத்திலும் அனுப்புங்கள். அதற்கு முன்பே வேறு இரண்டு பட்டறைகளில் காரைக் காட்டி, குறைகளையும் சரிசெய்யும் செலவையும் அவர்களின் முத்திரையோடு எழுத்தில் வாங்கிவிடுங்கள். யார் கையும் படுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் படமும் காணொளியும் எடுத்து வைப்பது மற்ற எல்லாவற்றையும்விட அவசியம், ஏனென்றால் ஒருமுறை சாயத்தைச் சுரண்டிவிட்டால் உங்கள் சான்று அதோடு போய்விடும்.

அவர் அசையவில்லை என்றால் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், இணையம் வழியாகவும் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். குறை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இரு தரப்பிலும் வழக்கறிஞர் வர முடியாது என்பதால், நேரில் பேசத் தயங்குபவர்களும் துணிந்து போகலாம். தீர்ப்பைப் பட்டறை நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் பதிவுபெற்ற பெயரும் பல பட்டறைகளில் வேறு வேறாக இருக்கும். ரசீதிலுள்ள பதிவு எண்ணை எடுத்து, நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் செலுத்தி உரிமையாளர் விவரத்தைப் பெற்று, அந்தப் பெயரில் மனு செய்யுங்கள். பெயர் தவறினால் கையில் கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றுவதே தலைவலியாகிவிடும்.

சுங்கை டுவா தம்பி:

அக்கா, நடுவர் மன்றத்துக்குப் போகும் முன் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் நாடிப் பாருங்கள். ஜார்ஜ்டவுனில் இருக்கும் அந்தச் சங்கத்திலிருந்து கடிதம் போனால் சில கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள். அதுவரை முகநூலில் பட்டறையின் பெயரையும் படத்தையும் போட்டு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதியதில் ஒரு சொல் மிகையாகிவிட்டாலும் அவர் அவதூறு வழக்கு என்று மிரட்டுவார், உங்கள் நியாயம் பின்னுக்குப் போய்விடும்.

பட்டர்வொர்த் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதம் அனுப்பிவிட்டேன். இன்று காலை பட்டறைக்காரர் அழைத்து, கட்டணமின்றிச் செய்து தருகிறேன், காரை உடனே கொண்டுவாருங்கள் என்றார். மீண்டும் மேலோட்டமாகப் பூசிக் கொடுத்துவிடுவாரோ என்ற அச்சம் இருக்கிறது. மறுத்தால் என் பக்கம் பலவீனமாகிவிடுமா?

ஜார்ஜ்டவுன் நண்பர்:

மறுக்காதீர்கள், ஏனென்றால் வாய்ப்பளித்தோம் என்பதே பின்னால் உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு தாளில் செய்ய வேண்டிய வேலைகளையும், கட்டணம் இல்லை என்பதையும், திருப்பித் தரும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காரை எடுக்கப் போகும்போது திடீரென்று பணம் கேட்டுக் காரைப் பிடித்து வைத்தால் வாசலில் சண்டையிட வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று ரசீதிலேயே எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொகையையும் கோரிக்கையில் சேர்க்கலாம். கார் இல்லாத நாள்களில் வேலைக்குப் போக ஆகும் வாடகைக் கார்ச் செலவின் ரசீதுகளையும் வைத்திருங்கள். குறையான வேலையால் நேரக்கூடிய இழப்பு என்று எதிர்பார்க்கத்தக்கதாக இருந்தால் அதையும் கேட்க இடமுண்டு.

செந்தூல் சாயக்காரர்:

அந்தத் தாளில் இதையும் சேருங்கள் அம்மா: கைப்பிடி, கண்ணாடி ரப்பர், கதவின் உட்பலகை ஆகியவற்றைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், கொப்புளம் உள்ள இடத்தில் பழைய புட்டியைத் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும், தகடு வெளியே தெரியும் கட்டத்திலும், அரிப்பைத் தடுக்கும் பிரைமர் அடித்த பிறகும், உங்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். நேர்மையாகச் செய்ய நினைப்பவர் இதற்குத் தயங்க மாட்டார். கசியும் பின்கதவைச் சாயம் அடிப்பதற்கு முன்பே கீலில் சரிபார்த்து நேராக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அடித்த பிறகு கீலைத் திருகினால் விளிம்புகள் உரசிப் புதுச் சாயம் உதிரும்.