வெள்ளவத்தை ஃபிளாட்டும் அந்த ராம்பும்

பம்பலப்பிட்டி_ரவி:
கொழும்பில மாற்றுத்திறனாளிக்கு ஆரும் வீடு குடுக்கிறேல்லை எண்டு நேற்று ஒருத்தர் எழுதியிருந்தார். பச்சைப்பொய். சனம் மாறிட்டுது. வெள்ளவத்தையில நான் வாடகைக்கு விடுற ஃபிளாட்டில சாய்வா ஏறுற ராம்பே இருக்கு.

சில்லுக்கதிரை:
அண்ணை, அது கார் ஏறுறதுக்குப் போட்ட ராம்ப். கீழ பார்க்கிங் வைச்சுக் கட்டினதெல்லாத்திலயும் இருக்கு.

பம்பலப்பிட்டி_ரவி:
கார் ஏறினால் சில்லுக் கதிரை ஏறாதோ?

சில்லுக்கதிரை:
ஏறாது. கதிரை ஏறுற ராம்புக்கு 1:12 எண்டு ஒரு கணக்கு இருக்கு. ஒரு அடி உயர்த்த பன்னிரண்டடி நீளம் வேணும். அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராம்பைத் தாண்டினால் லிஃப்டுக்கு முன்னால நாலு படி! சனம் மாறினது உண்மைதான். முந்தி மூஞ்சையைச் சுழிச்சவை, இப்ப "லிஃப்ட் பழுதானால் உங்களுக்குத்தானே தம்பி கஷ்டம்" எண்டு அன்பாச் சொல்லி அனுப்பினம்.

தெஹிவளை_அக்கா:
1996இல மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைச் சட்டம், 2006இல கட்டடங்களுக்குள்ள அவை போய்வர அணுகல் விதிகள். எல்லாம் பேப்பரில வடிவா இருக்கு.

பம்பலப்பிட்டி_ரவி:
அந்த விதி பொதுக் கட்டடத்துக்கு அக்கா. என்ர ஃபிளாட் என்ன பஸ் ஸ்டாண்டோ?

சில்லுக்கதிரை:
புதுப் பொதுக் கட்டடங்களுக்கே 2011இல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. எங்க, ஆரோட வாழ்றது எண்டு தெரிவு செய்யிற உரிமை மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கான ஐநா சமவாயத்தின்ர 19ஆம் உறுப்புரையில இருக்கு. இலங்கை 2016இல ஏற்றுக்கொண்டது. அதை விடுங்கோ. உங்கட ராம்ப் எத்தினை அடி?

கொட்டாஞ்சேனை_பொடியன்:
உங்களுக்கெல்லாம் கொழும்புன்னா வெள்ளவத்தை மட்டுந்தானா? எங்க பக்கம் மாடி வீட்ல லிஃப்ட் நின்னா ஏலாதவங்களைக் கதிரையோட தூக்கிட்டுத்தான் இறங்கணும்.

பம்பலப்பிட்டி_ரவி:
மெயின்டனன்ஸ் காசை ஒழுங்காக் கட்டினால் லிஃப்ட் ஏன் நிக்குது?

கொட்டாஞ்சேனை_பொடியன்:
போன மாசம் இங்க நடந்த தண்ணி பில் சண்டையிலயும் உங்களுக்கு இதே திமிர்தான். வாடகையை மட்டும் நல்லா ஏத்தத் தெரியும்!

தெஹிவளை_அக்கா:
தண்ணி பில்லைத் திருப்பி இழுக்காதேங்கோ. அண்டைக்கு ரவி என்னையும் சேர்த்துத்தான் பேசினவர்.

சில்லுக்கதிரை:
எத்தினை அடி அண்ணை?

பம்பலப்பிட்டி_ரவி:
வீடு கிடைக்காத கோவத்தை என்னில காட்டாதையும். நான் என்ன இஞ்சினியரோ?

சில்லுக்கதிரை:
அப்ப ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.

பம்பலப்பிட்டி_ரவி:
ராம்பில இப்ப ஒரு வான் நிக்குது. பிறகு பார்ப்பம்.

கொட்டாஞ்சேனை_பொடியன்:
வான் யார்ட? உங்கடதா?

பம்பலப்பிட்டி_ரவி:
உமக்கேன் அது? முதல்ல தண்ணி பில்லுக்கு மறுமொழி சொல்லும்.