கூரையில்லாத 11 வீடுகளைக் கூட்டாகக் கட்டி முடிக்க வழி தேவை

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் கிராமத்தில் 11 வீடுகள் லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு, யன்னலுக்கு மேல் வரும் விட்டம் வரை மட்டும் கட்டியபடி நிற்கின்றன. 2019 இல் ஓர் அரச வீட்டுத்திட்டத்தில் தொடங்கியவை. கட்டம் கட்டமாகக் காசு வரும் என்றார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் ஆட்சி மாறியதும் மிச்சத் தவணைகள் நின்றுவிட்டன. அப்புறம் 2022 நெருக்கடியில் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தொட்டது, கையிலிருந்த சேமிப்பும் கரைந்தது.

போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெற்றோருக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. நாங்கள் அதற்குப் பிறகு கலியாணம் கட்டியவர்கள், அந்தப் பட்டியலில் இல்லை.

வங்கியில் கேட்டோம். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அரசு தந்த பெர்மிற் (அனுமதிப் பத்திரம்) மட்டும்தான் என்பதால் மறுத்துவிட்டார்கள். அதிகாரிகளுக்கு மனு கொடுத்தோம், பதில் இல்லை. சிக்கன கடனுதவுச் சங்கத்தில் எல்லோரும் அங்கத்தவர்கள், ஆனால் அங்கே கிடைக்கும் கடன் கதவு நிலைக்கே போதாது. நுண்கடன் கம்பனிகள் மட்டும் தேடி வருகின்றன. அந்த வட்டியில் எங்கள் பெண்கள் பட்ட பாடு போதும், அதைத் தொட மாட்டோம்.

எங்களுக்குள் மேசன்மாரும் ஒரு தச்சரும் இருக்கிறார்கள். கல் அரிவதையும் கூலியையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். கூரை மரம், ஓடு, சீமெந்து இவற்றுக்குத்தான் காசு வேண்டும்.

பெர்மிற் காணிக்காரர் சேர்ந்து வடக்கில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் பதிந்து கடன் எடுத்திருந்தால், காணிக்குப் பதிலாக எதைப் பிணையாக ஏற்றார்கள்?