சென்னை – பாரிஸ் போக 7 மணி நேரம், வர 14 மணி நேரமா? அம்மா தனியா போறாங்க, உதவி பண்ணுங்க

முத்தியால்பேட்டை:
வணக்கம். அக்காவுக்கு பாரிஸ்ல நவம்பர்ல பிரசவம், கூட இருந்து பாத்துக்க அம்மா போறாங்க, இதுவரைக்கும் ஃபிளைட்டே ஏறினதில்ல. டிக்கெட்ல அக்டோபர் 22, சென்னைல 1.30க்கு கெளம்பி பாரிஸ்ல 8.15னு இருக்கு. ஜனவரில திரும்பறப்போ அங்க காலைல 10.30, சென்னைல 00.40. ரெண்டுமே நேர் விமானம், அப்புறம் எப்பிடி ஒண்ணு ஏழு ஒண்ணு பதினாலு? அம்மாவுக்கு சுகர், ராத்திரி இன்சுலின் போடணும், எவ்ளோ நேரம் உள்ள இருப்பாங்கனு தெரிஞ்சாத்தான் சாப்பாடு கட்டிக் குடுக்க முடியும்.

மஞ்சக்குப்பம்:
டிக்கெட் சரிதான் தம்பி. ஏறுற நேரம் ஏறுற ஊரு நேரம், எறங்குற நேரம் எறங்குற ஊரு நேரம். பாரிஸ் நமக்கு மூணரை மணி பின்னாடி. போறப்போ 6.45ஓட 3.30 கூட்டுங்க, 10 மணி 15 நிமிஷம். வர்றப்போ 14.10ல 3.30 கழிச்சா 10.40. நேர்கோட்லயே சுமார் 8,000 கிலோமீட்டர், மணிக்கு 900ல பறந்தாலும் ஒம்போது மணி நேரம் கிட்ட ஆயிடும், ஏறி எறங்குற நேரம் வேற.

குருசுக்குப்பம்:
அண்ணே ஒரு திருத்தம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சுருவாங்க, மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் நாலரை மணி வித்தியாசம். அதனால ஜனவரில வர்றது 9 மணி 40 நிமிஷம்தான். மேல ஜெட் ஸ்ட்ரீம்னு மேற்கேந்து கிழக்க காத்து ஓடுது, குளிர்காலத்துல இன்னும் வேகம், வர்றப்போ தள்ளிவிடும், போறப்போ எதுத்து அடிக்கும்.
அத விட தேதிய பாருங்க. 22ம் தேதி 1.30ன்னா 21ம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல இருக்கணும். எங்க பெரியப்பா மறுநாள் ராத்திரி பெட்டியோட போய் நின்னாரு, டிக்கெட் காசு மொத்தமும் போச்சு. பாண்டிலேந்து திண்டிவனம் வழியா சென்னை ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம், தாம்பரத்துல மாட்டினா இன்னும் கூட, சாயங்காலமே கெளம்பிடுங்க. திரும்பி வர்றப்பவும் 00.40 மறுநாள் தேதி. இன்சுலின பெரிய பெட்டில போடாதீங்க, கீழ உறைஞ்சு போகலாம், கைப்பைல டாக்டர் சீட்டோட வெச்சு விடுங்க.

முத்தியால்பேட்டை:
ரொம்ப நன்றிண்ணா, தேதிய நானும் 22 சாயங்காலம்னுதான் நெனச்சிருந்தேன். பத்து மணி நேரம் ஒரே மூச்சா உக்காரணுமே, துபாய் வழியா மாத்திரலாமா?

மஞ்சக்குப்பம்:
தூரம் பெருசா ஏறிடாது, சென்னை–துபாய் சுமார் 2,930, துபாய்–பாரிஸ் 5,240, நேரா போறத விட 150 கிலோமீட்டர்தான் அதிகம். ஆனா துபாய்ல எறங்கி, செக்கிங் முடிச்சு, அடுத்த கேட் தேடி நடக்கணும், முதல் தடவ தனியா போறவங்களுக்கு வேணாம் தம்பி. நடைபாத ஓரமா சீட் போட்டுக் குடுங்க, ரெண்டு மணிக்கொருக்கா எழுந்து நடக்கச் சொல்லுங்க, வீல்சேர் இப்பவே கேட்டு வெய்யுங்க. இன்சுலின் எந்த நேரத்துல போடணும்னு மட்டும் அவங்க டாக்டரையே கேளுங்க.

முத்தியால்பேட்டை:
நேர் விமானமே இருக்கட்டும். ரெண்டு ஊரு நேரத்தையும் எழுதி நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டப் போறேன். ஃபிரிட்ஜ் கதவுல பெருசா எழுதி ஒட்டியாச்சு: 21ம் தேதி சாயங்காலம் 6.00, கார்.