வாசனை தெரிகிறது, பெயர் வரவில்லை: மூக்கைப் பழக்க முடியுமா?

கேள்வி: ஏதோ வாசனை வருவது தெரிகிறது, என்னதென்று பிரித்துச் சொல்ல வரவில்லை. பயிற்சி உண்டா?

பதில் 1: உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. மூடி போட்ட நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகளில் பஞ்சு, மேலே சில சொட்டு எண்ணெய். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 10 நொடி, 12 வாரம். வாசனை இழந்தவர்களுக்காக வந்த முறைதான், மற்றவர்களும் செய்யலாம்.

பதில் 2: மூச்சை ஆழமாக இழுக்காதீங்க, முயல் மாதிரி குட்டிக் குட்டியாக உறிஞ்சுங்க. ஒரே புட்டியில் நின்றால் மூக்கு மரத்துடும். நடுவில் உங்க சட்டைக் கையை முகருங்க. எண்ணெய் மூக்கில் படக் கூடாது, எரியும்.

பதில் 3: புட்டியின் லேபிளை மறைத்து, இடம் மாற்றி வைத்து முகரணும். 'நல்லா இருக்கு' என்று எழுதுவது வீண். 'ஈர மண்', 'துருப்பிடித்த ஆணி' என்று எழுதினால்தான் ஞாபகத்தில் ஒட்டும்.

கேட்டவர்: சளி பிடித்திருந்தால்?

பதில் 2: அடைத்த மூக்கில் காற்று மேலே ஏறாது. அன்றைய குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீங்க.